வெள்ளாற்றங்கரையில் ஒரு வழித்துணை

வெள்ளாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடிப் பரங்கிப்பேட்டைக்கருகில் கடலில் கலக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் அறிந்திருக்கும் இந்தச் சின்னஞ்சிறு உண்மையை, அரை நூற்றாண்டுக் காலம் அந்த ஆற்றின் பக்கத்திலேயே வாழ்ந்துவிட்ட நான், தை மாதத்து விடியற்காலை ஒன்றில், ஆறு என் காலடியில் ஓடிக்கொண்டிருந்த வேளையிலேயே மறந்துபோனேன். அந்த மறதியால் வழி தவறினேன்; என்னை நம்பி வந்த பிள்ளையொருவனை மரணத்தின் வாசல்வரை கொண்டுபோய்விட்டேன். அன்று கண்டதும் கற்றதும், 40 ஆண்டுகளாகக் கேட்ட பிரசங்கங்கள் தராத ஒரு தெளிவை எனக்குத் தந்தபடியால், நடந்ததை உள்ளது உள்ளபடியே எழுதிவைக்க வேண்டுமென்று நெடுநாளாக மனத்தில் ஓர் உறுத்தல் இருந்துவந்தது. இன்றுதான் அதற்கு நேரம் வாய்த்தது.

பிரயாணத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு 6 வயது நடந்தபோது மஞ்சட்காமாலை கண்டு, வைத்தியர்கள் நம்பிக்கையிழந்த நிலையில், என் தாயார் கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கால்நடையாக வந்து சந்நிதியில் விளக்கேற்றுவதாக. பிள்ளை பிழைத்தான். ஆனால் அறுவடை, கடன், அடுத்தடுத்த பிரசவங்கள் என்று ஏதேனும் ஒன்று குறுக்கிட்டுக்கொண்டே இருந்தபடியால், தாயார் வருஷந்தவறாமல் பஸ்ஸில் போய் மெழுகுவத்தி ஏற்றி வந்தாளேயன்றி, நடந்து போக அவளுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்து வரேன்னு சொன்னேன்டா, நடக்கலியே" என்று சொல்லிக் கண் கலங்கினாள். அந்தக் கடனைத் தீர்க்கவே நான் புறப்பட்டேன்.

நடந்து போவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. மாசிமகம் வந்தால் பூவராக சுவாமியே ஸ்ரீமுஷ்ணத்துச் சந்நிதியை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக எழுந்தருளி, கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். அங்கே முகம்மதிய சகோதரர்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்து வரவேற்கிறார்கள். வழியிற் போகிறவன் யாருடைய தெய்வத்தைத் தேடிப் போகிறான் என்று கேளாமல், அவன் வழிப்போக்கன் என்ற ஒன்றையே கருதித் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இந்த மண்ணில் ஊறியது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நான் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்.

கோணான்குப்பத்து வரலாறே ஒரு பிரயாணத்தில் நேர்ந்த நஷ்டத்திலிருந்து தொடங்குவதுதான். 1680இல் இத்தாலியில் பிறந்து, சேசு சபைத் துறவியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழைத் தம் தாய்மொழியினும் மேலாகப் போற்றிய வீரமாமுனிவர், மாதாவின் சுரூபமொன்றைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கத்துக் காட்டு வழியே போகையில், களைத்து ஒரு மரத்தடியில் தங்கினாராம். எழுந்து போகும்போது சுரூபத்தை மறந்து விட்டுவிட்டாராம். அதைக் கண்டெடுத்த சிறுவர்கள் புதரில் ஒளித்துவைத்தார்கள். பிள்ளையில்லாத குறையோடிருந்த முகாசாப்பரூர்க் கச்சிராயருக்கு மாதா கனவில் தோன்றித் தமக்கொரு கோயில் கட்டச் சொன்னாள் என்றும், அவர் தேடிக் கண்டெடுத்துச் சிறு கோயிலொன்று எழுப்பினார் என்றும், பிள்ளைப்பேறு பெற்றார் என்றும், பிறகு அவ்வழியே வந்த முனிவர் தாம் தொலைத்த சுரூபத்தை அங்கே கண்டு மகிழ்ந்து பெரிய ஆலயமாகக் கட்டினார் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். விருத்தாசலத்து அம்பிகைக்கும் பெரியநாயகி என்றே பெயர். கோணான்குப்பத்து மாதாவுக்கும் அதே பெயர். சேலையுடுத்திக் குழந்தையை ஏந்தி நிற்கும் அந்தத் தாயைப் பார்க்கிற எவருக்கும் அவள் கடல் கடந்து வந்த அந்நியள் என்று தோன்றாது. சிறு வயதில் தாயார் மடியிலிருந்து இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேனே தவிர, அதன் பொருள் எனக்கு விளங்கியிருக்கவில்லை.

புறப்பட்டவர்கள் மூவர்: நான், என் மனைவியின் தம்பி, என் அக்காள் மகன். மச்சான் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையொன்றில் வேலை பார்ப்பவன். அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவது, ஈரம் உலர்த்துவது, மெருகு தோய்ப்பது, சூளை அடுக்குவது எல்லாம் அவன் கைக்குத் தெரியும். நேர்ச்சை என்று கேள்விப்பட்டதும், மாதா சந்நிதியில் வைப்பதற்கென்று வெள்ளைப் பீங்கானில் மெழுகுவத்தித் தண்டொன்றைத் தானே செய்து, சூளையில் வேகவைத்து, வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்திருந்தான். அதையும் 12 மெழுகுவத்திகளையும் என் தோட்பையில் வைத்துக்கொண்டேன். அக்காள் மகனுக்கு 14 வயது. அவன் அதிகம் பேசாதவன். எதையும் நின்று பார்க்கிற சுபாவம் உள்ளவன்.

எங்கள் உத்தேசம் இது: அதிகாலை 3 மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பி, வாகனங்கள் விரையும் சாலையை ஒதுக்கிவிட்டு வெள்ளாற்றங்கரையைப் பிடித்து, ஆற்றை எதிர்த்தபடியே மேற்கே நடந்து, கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் சாலை ஏறி, பொழுது சாய்வதற்குள் விருத்தாசலத்தில் மச்சான் வீட்டை அடைந்து இராத் தங்கி, மறுநாள் கோணான்குப்பம் போய்ச் சேர்வது. வழி எனக்குத் தெரியுமென்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். எனக்கே நான் அதைப் பலமுறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்றைய பனி தரையையே இல்லாமற் செய்துவிட்டது. வயல்களைக் கடந்து கரையேறும்வரை நட்சத்திரங்கள் தெரிந்தன. ஆற்றங்கரையில் கால் வைத்த நாழிகையில் நாற்புறமும் வெண்மை மூடிக்கொண்டு, கைவிளக்கின் ஒளி ஒரு பாகத் தூரத்துக்கு அப்பால் போகாமல் பாலில் நனைந்த பஞ்சைப்போல எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. கருவேலமுள் எங்கே, நாணல் எங்கே, மணல் எங்கே என்று காலால்தான் அறிந்தோம். கரை ஓரிடத்தில் இடிந்திருந்தபடியால் சுற்றிக்கொண்டு போய்த் திரும்பவும் ஏறினோம். அந்தச் சுற்றில்தான் திசை பிசகியது. வலக்கைப்புறம் ஆறு இருந்தவரையில் சரியான வழியென்று நான் எனக்குள் வைத்திருந்த கணக்கு, நாங்கள் எங்களையறியாமல் ஆற்றுப்படுகையின் நடுத்திட்டுக்கே இறங்கிவிட்டிருந்தபடியால், பொய்யாகிவிட்டது. இருபுறமும் வாய்க்கால்போல் நீர் ஓடுகிற திட்டில் வலமேது, இடமேது?

பையன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். குனிந்து ஓர் இலையைக் கிள்ளி நீரில் போட்டான். கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்து அது போகும் திக்கைப் பார்த்தான். பிறகு மெள்ளச் சொன்னான்: "மாமா, தண்ணி நம்ம கூடவே வருது. நமக்கு எதுக்கல்ல வரணும்?"

அவன் சொன்னதில் எல்லாம் அடங்கியிருந்தது. மேற்கே போகிறவனுக்கு வெள்ளாற்று நீர் எதிரே வரவேண்டும். கூடவே வந்தால் அவன் கிழக்கே போகிறான். ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நானோ, "எனக்குத் தெரியாத ஆறாடா இது? பேசாம வா" என்று அதட்டிவிட்டு முன்னே நடந்தேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவன் பேச்சுக்கு மறுபேச்சு சொல்லாத வளர்ப்பு. அந்த அதட்டலை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு சுருங்குகிறது.

கால் மணி நேரம் சென்றிருக்கும். மணல் திடீரென்று சரிந்தது. யாரோ என்றைக்கோ இயந்திரம் வைத்து மணல் அள்ளிவிட்டுப் போன பள்ளமொன்று நீர் நிறைந்து, மேலே தெளிந்து, பார்வைக்கு முழங்காலாழம்போல் ஏமாற்றிக்கொண்டு கிடந்தது. முன்னே போன நான் விளிம்பில் கால் புரண்டு விழுந்தேன். என்னைப் பிடிக்க ஓடிவந்த பையன் என்னையும் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டான். கைவிளக்கு அணைந்தது. தோட்பை கழன்று எங்கோ போயிற்று. இருட்டிலே, வெண்மையிலே, அவன் நீரை அடிக்கிற சத்தம் மாத்திரம் கேட்டது. மச்சான் துண்டை வீசினான், எட்டவில்லை. அவன் இறங்கப் போனான். அவன் காலடி மணலும் சரிந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை; மாதாவே என்று கத்தியதாக மச்சான் பிற்பாடு சொன்னான்.

அப்பொழுது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு அது? நகராதீங்க! நின்ன எடத்துலயே நில்லுங்க!" அதைத் தொடர்ந்து ஆடுகளின் கத்தலும், நாயொன்றின் குரைப்பும், ஈர மணலில் ஓடிவரும் காலடியும் கேட்டன. கரை மேட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர், எங்கள் சத்தம் கேட்டு, இருட்டிலே வழி தெரிந்த கால்களோடு இறங்கி வந்திருந்தார். அவர் கையில் தொரட்டிக்கோல் இருந்தது.

தொரட்டியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்டுக்குத் தழை ஒடிப்பதற்காக நீண்ட மூங்கிலின் நுனியில் சிறு வளைந்த அரிவாளைக் கட்டியிருப்பது. பெரியவர் விளிம்புக்கு வந்ததும் ஒரு க்ஷணமும் தயங்காமல் அந்தக் கோலைத் திருப்பினார். இரும்பு நுனியைத் தம் பக்கம் வாங்கிக்கொண்டு, மழமழப்பான அடிமூங்கிலைப் பையனிருந்த திக்கை நோக்கி நீட்டி, "புடி தம்பி, ரெண்டு கையாலயும் புடி, விட்றாத" என்றார். பையன் பிடித்தான். அவர் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தார். மச்சான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான். மணல் சரிந்துகொண்டே இருந்தது, அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் பிள்ளை கரையில் வந்து குப்புற விழுந்து நீரைக் கக்கினான்.

கிடைக்குப் பக்கத்தில் முந்திரிச் சருகும் கருவேலங்குச்சியும் போட்டு நெருப்பு மூட்டினார். பையனின் ஈர உடையைக் களையச் சொல்லித் தம் கம்பளியைப் போர்த்தினார். பாத்திரத்திலிருந்த கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து எங்கள் மூவருக்கும் பங்கிட்டார். தமக்கென்று மிஞ்சியதா என்று நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. நெருப்பின் வெளிச்சத்தில் கிண்ணத்தை நீட்டியபோதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கோலைப் பின்னிழுத்த வேகத்தில் கை நழுவி நுனிவரை போயிருக்கிறது. அரிவாள் கீறி, பெருவிரலுக்கடியிலிருந்து மணிக்கட்டுவரை இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஐயா, கை" என்றேன். "அது கெடக்கு, புள்ள பொழச்சான் பாரு" என்று சொல்லிச் சாம்பலை எடுத்து அப்பிக்கொண்டார்.

நல்ல மேய்ப்பனைப் பற்றிய சுவிசேஷ வசனங்களும், கோலும் தடியும் தன்னைத் தேற்றுமென்று தாவீதரசன் பாடிய 23ஆம் சங்கீதமும் எனக்குச் சிறு வயதுமுதல் மனப்பாடம். ஆயினும் அந்தக் கோலை நான் கண்டதில்லை. அது ஆட்டை அடக்குகிற கோல், அதட்டுகிற கோல், வழிக்குக் கொண்டுவருகிற கோல் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தோடுதான் என் வீட்டாரையும் நான் அதட்டி வந்திருக்கிறேன். கூர்நுனியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, நோகாத அடியை மூழ்குகிறவனுக்கு நீட்டுவதே மேய்ப்பனின் கோல் என்பதை வெள்ளாற்றங்கரை நெருப்பொளியில் அந்தக் கையிலிருந்து படித்தேன். சிலுவை என்று நாம் சொல்வதும் வேறென்ன? சர்வேசுரன் மனுக்குலத்தை நோக்கி நீட்டிய கோல் அது. அதன் கூர்நுனி அவருடைய உள்ளங்கைகளுக்குள்தான் இருந்தது.

விடிய ஆரம்பித்தது; பனி மாத்திரம் விலகவில்லை. "எங்க போவணும்?" என்று பெரியவர் கேட்டார். விருத்தாசலம் போய்க் கோணான்குப்பம் போகவேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "விருத்தாசலத்துக்கா? இது கூடலையாத்தூர் போற வழியாச்சே" என்றார். என் கணுக்கால் வீங்கிவிட்டிருந்ததைப் பார்த்து, "நீங்களா போவ வேணாம், நானும் அந்தப் பக்கம் வரேன், வாங்க" என்று சொல்லி, கிடையைத் தம் பேரனிடம் ஒப்புவித்துவிட்டு, தொரட்டியை என் கையில் ஊன்றுகோலாகக் கொடுத்து முன்னே நடந்தார்.

அவர் சொன்ன வார்த்தை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கூடுகிற இடம் கூடலையாற்றூர். சேக்கிழார் சொல்லும் வரலாறொன்று அந்த ஊருக்கு உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தை நாடிப் போகையில், எதிரே ஒரு வேதியர் வந்தார். முதுகுன்றத்துக்கு வழி யாது என்று சுவாமிகள் கேட்க, இவ்வழி கூடலையாற்றூருக்குப் போவது என்று அவர் சொல்லி, வழித்துணையாகக் கூடவே வந்து, ஊரெல்லையில் மறைந்துபோனார். வந்தவர் இறைவனே என்று சுந்தரர் உணர்ந்து வியந்து பாடினார். எங்கள் தமிழாசிரியர் பள்ளியில் இந்தக் கதையைச் சொன்னபோது, வழி கேட்டவனுக்கு அவன் கேட்ட வழியைச் சொல்லாமல் வேறு வழியைச் சொல்வதேன் என்று நான் எழுந்து கேட்டேன். ஆசிரியர் நிதானமாக, "வழி சொல்லத்தான் வந்தாராப்பா? கூட வரத்தானே வந்தார்" என்றார். 35 ஆண்டு கழித்து, அதே ஆற்றங்கரையில், அதே கேள்விக்கு அதே விடையைக் கேட்டு, ஆடு மேய்க்கும் ஒருவருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு நடக்கையில், ஆசிரியருடைய பதில் எனக்கு விளங்கிற்று. சைவர்களுடைய கதை அவர்களுடையதே. அதைக் கிறிஸ்தவக் கதையாக மாற்ற எனக்கு உரிமையுமில்லை, ஆசையுமில்லை. ஆனால் என் வேதத்தில் நான் வாசித்தும் வாசியாமலிருந்த ஒரு பக்கத்தை அந்தக் கதைதான் எனக்குத் திறந்து காட்டியது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

அந்தப் பக்கம் லூக்கா சுவிசேஷத்தின் 24ஆம் அதிகாரம். சேசுநாதர் சிலுவையில் மரித்த மூன்றாம் நாள், அவருடைய சீஷர் இருவர் யெருசலேமை விட்டு 60 ஸ்தாதி தூரத்திலிருந்த எம்மாவூருக்குப் போகிறார்கள். அவர்கள் போக வேண்டிய திசை அதுவல்ல. உயிர்த்தெழுந்த செய்தி பின்னே இருக்க, அவர்கள் துக்கத்தோடு எதிர்த்திசையில் நடக்கிறார்கள். நமது சுபாவப்படி யோசித்தால், ஆண்டவர் வழியை மறித்துத் திரும்பிப் போங்கள் என்று கட்டளையிட்டிருக்க வேண்டும். அவரோ அந்நியனைப்போல வந்து, அவர்கள் தவறிப் போகிற வழியிலேயே, அவர்கள் நடக்கிற வேகத்திலேயே, பொழுது சாயும்வரை கூட நடக்கிறார். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிற கையைக் கண்டபோதுதான் அவர்களுக்குக் கண் திறக்கிறது; திறந்தவுடன் யாரும் சொல்லாமலே எழுந்து, அந்த இரவிலேயே யெருசலேமுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு வழி காட்டும், எனக்கு வழி காட்டும் என்று ஆயுள் முழுதும் நான் செய்துவந்த ஜெபத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று நினைத்திருந்தேனோ, அதற்கு அன்று சமாதானம் கிடைத்தது. வழி தவறியவனுக்கு ஆண்டவர் முதலில் அனுப்புவது துணையை. துணை வந்த பிறகு வழி தானே வருகிறது.

கூடலையாற்றூரில் எங்களைப் பஸ் ஏற்றிவிட்டுப் பெரியவர் விடைபெறும்போது, இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்துப் பையன் கையில் வைத்தார். "அந்த அம்மாகிட்ட என் பேர்ல ஒரு மெழுவத்தி ஏத்திடு தம்பி" என்றார். கையில் கட்டியிருந்த துணியில் இரத்தம் உறைந்திருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

அன்றிரவு விருத்தாசலத்தில், மச்சான் வீட்டுத் திண்ணையில், காலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு தூக்கமில்லாமற் கிடந்தபோது அப்போஸ்தலர் பணியின் கடைசி இரண்டு அதிகாரங்களைப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட அர்ச். சின்னப்பர், குளிர்காலம் நெருங்குகிறது, இந்தத் துறையை விட்டுப் புறப்பட வேண்டாம் என்று எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பற்சொந்தக்காரனையும் நம்பினான், கைதியின் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. 14 இரவு கப்பல் புயலில் அலைந்தது. சரக்கு போயிற்று, கப்பல் போயிற்று. 276 பேரில் ஓருயிரும் போகவில்லை. கரையேறினவர்களை மால்டாத் தீவின் ஜனங்கள், மழையையும் குளிரையும் பார்த்து, நெருப்பு மூட்டி வரவேற்றார்கள். பையன் அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான். முந்திரிச் சருகின் வாசனை எங்கள் இருவருடைய துணியிலும் இன்னும் இருந்தது.

அப்பொழுதுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சிறியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கமில்லை. எனக்கு வார்த்தை வர நேரமாயிற்று. "இலையப் போட்டுப் பாத்துச் சொன்னியே, நான் கேக்கலடா" என்றேன். அவன், "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, "எனக்கும் அவ்ளோ நிச்சயமில்ல மாமா, அதான் சத்தமா சொல்லல" என்றான். நிச்சயமாகத் தெரிந்தவனுடைய உரத்த குரலில் தேவன் பேசுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் 14 வயதுப் பிள்ளையின் தயங்கின குரலிலும், ஓடும் நீரில் போட்ட ஓரிலையிலும் பேசிப்பார்த்தார் என்பது எவ்வளவு பெரிய பாடம்!

மச்சானுக்குத்தான் நஷ்டம் அதிகம் என்று எண்ணி, அவன் செய்த பீங்கான் தண்டு ஆற்றோடு போய்விட்டதே என்று வருத்தம் சொன்னேன். சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம்; வெள்ளாற்றில் போட்ட நம் பொருளை எந்தக் குளத்தில் தேடுவது என்றேன். மச்சான், "சூளைக்குள்ள போவுற எல்லாமா மாமா முழுசா வெளிய வருது? வெடிச்சதப் பாத்தா அடுத்த தடவ எங்க தப்புன்னு தெரியும். மண்ணு இருக்கு, வேற செஞ்சிடலாம்" என்றான். நாள்தோறும் மண்ணையும் நெருப்பையும் பார்க்கிறவனுக்கு நஷ்டத்தைப் பற்றி இருந்த நிதானம் எனக்கு இல்லை.

தாயார் மடியில் கேட்ட பழங்கதையின் பொருளும் அந்த இரவில்தான் என்னிடம் வந்தது. வீரமாமுனிவர் சுரூபத்தைத் தவறவிடாமல், பத்திரமாகச் சுமந்து, குறித்த இடத்தில் குறித்தபடி கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால், கச்சிராயரின் வீட்டில் தொட்டில் ஆடியிராது. கோணான்குப்பத்தில் மணி ஒலித்திராது. 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலுமாக அவர் இயற்றிய தேம்பாவணிக்குத் தலைவரான அர்ச். சூசையப்பருடைய சரித்திரமும் இப்படிப்பட்டதுதான்: பெத்லகேமுக்குப் போனார், இடமில்லை, இரவோடிரவாக எகிப்துக்கு ஓடினார், யெருசலேமில் பிள்ளையைத் தவறவிட்டு, கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒரு நாட்பிரயாணம் நடந்துவிட்டு, மூன்று நாள் தேடினார். உத்தேசித்தபடி முடிந்த பிரயாணம் அவருக்கு ஏது? எனினும் அவர் தவறிய ஒவ்வொரு வழியிலும் தேவன் அவர் கைப்பிடியில் ஒரு குழந்தையாக நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள், தாயாரைப் போலவே, பஸ்ஸில் கோணான்குப்பம் போய்ச் சேர்ந்தோம். நேர்ச்சை நேர்ந்தபடி நிறைவேறவில்லை. ஆற்றோடு போனது போக, எங்கள் சொந்தக் காணிக்கை என்று சொல்ல எங்கள் கையில் ஒன்றுமில்லை. திருவிழாக் கூட்டத்தில் மணியோசையும் ஜெபமாலையும் கேட்டுக்கொண்டிருக்க, பையன் ஆலய வாசலில் அந்தப் பத்து ரூபாய்க்கு மெழுகுவத்தி வாங்கினான். வேறு பணம் என்னிடம் இருந்தது. நம் பங்குக்கும் வாங்கலாமா என்று மச்சான் கேட்டான். வேண்டாம் என்றேன். எங்களுக்காகக் கைகிழிந்த ஒருவருடைய காணிக்கையைச் சுமந்துவர எங்களை அழைத்ததே அன்று போதுமென்று தோன்றிற்று.

பையன் திரியைப் பற்றவைக்குமுன் என் பக்கம் திரும்பினான். "மாமா, அவரு பேரு என்ன?"

கூழ் குடித்தோம், கம்பளி போர்த்தினோம், கோலை ஊன்றி நடந்தோம். பேரைக் கேட்க மூவருக்கும் தோன்றவில்லை. எம்மாவூருக்குப் போன இருவரில் ஒருவனுக்குக் கிளேயோப்பா என்று பேர் சொல்லி, மற்றவனைப் பேரின்றியே விட்டிருக்கிறார் லூக்கா. "தெரியலடா" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். பிறகு மெழுகுவத்தியை ஏற்றி, மற்றச் சுடர்களின் நடுவே நட்டுவைத்து, தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "எனக்குக் கோலு நீட்டுனவருக்காக" என்றான்.